உறைந்து தீர்ந்த ரத்தம்

பாம்பு கடித்தவரோடு பாம்பும் சேர்ந்து வருவது எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் புதிதல்ல. அடித்து, உரச்சாக்கில் முடிந்து, பைக்கின் டேங்க் மேல் வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். "இதாங்க கடிச்சுது" என்று கேஷுவால்டி வாசலிலேயே சாக்கை அவிழ்க்கிறவர்களும் உண்டு. தலை நசுங்கிப்போன பாம்பைப் பார்த்து இனம் சொல்வது எல்லா டாக்டருக்கும் வராது. செத்த பாம்பின் பல்லிலும் விஷம் இருக்கும் என்பது வேறு. செல்போனில் ஒரு போட்டோ இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. வயலில் கடிபட்டு, கால் வீங்கி வருகிற ஒருவரைப் பற்றி டாக்டருக்கு உடனே தெரிய வேண்டியது ஒன்றுதான்: இவர் ரத்தம் உறைகிறதா?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற வேலை என்னுடையது. வடதமிழ்நாட்டில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். நெல், கரும்பு, மணிலாக்கொட்டை விளைகிற ஊர்கள் சுற்றிலும். எலி எங்கே இருக்கிறதோ அங்கே கண்ணாடி விரியன் இருக்கும். அறுப்பு நேரத்தில் வேலை எங்களுக்கும் கூடிவிடும்.

சோதனை ரொம்ப எளியது. கையிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடி டெஸ்ட் டியூபில் விட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, நேரத்தை எழுதிவைக்க வேண்டும். 20 நிமிடம் அதைத் தொடக்கூடாது. ஆட்டக்கூடாது, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கக்கூடாது, "ஆயிடுச்சான்னு பாக்கலாம்" என்று லேசாகக்கூடச் சாய்க்கக்கூடாது. நேரம் ஆனதும் ஒரே ஒரு முறை சாய்ப்போம். நல்ல ரத்தமென்றால் டியூபைக் கவிழ்த்தாலும் அடியில் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். விரியன் விஷம் ஏறிய ரத்தம், இப்போதுதான் எடுத்ததுபோல், விளிம்புவரை ஓடிவரும். சிலருக்கு நடுவில் பாசி மாதிரி ஒரு பிசிறு மிதக்கும். அதைப் பார்த்து ஏமாந்து "உறைந்தது" என்று எழுதிவிடக்கூடாது. ரத்தம் ஒழுகினால் உறையவில்லை என்றுதான் கணக்கு.

இதில் கண்ணாடிக்கு ஒரு வேலை இருக்கிறது. கண்ணாடியின் மேற்பரப்பு பட்டதும் ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் ஒன்றான பன்னிரண்டாம் உறைதல் காரணி விழித்துக்கொள்ளும், அங்கிருந்து சங்கிலி தொடங்கும். பிளாஸ்டிக் டியூபில் அந்தத் தூண்டல் சரியாகக் கிடைக்காது. நல்ல ரத்தமே உறையாமல் நின்று, விஷம் ஏறாதவருக்கு விஷமுறிவு ஊசி போட வைத்துவிடும். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத சோப்புப் படலம் கண்ணாடியை மூடிவிடும். இப்போது லேப் முழுக்கக் கலர் மூடி போட்ட பிளாஸ்டிக் டியூப்கள்தான். எல்லாம் மெஷினுக்குப் போகிறவை. வெறும் கண்ணாடி டியூப் வேண்டுமென்று இண்டென்ட் போட்டால், "இந்தக் காலத்துல எதுக்கு மேடம் அது?" என்று ஸ்டோரில் கேட்கிறார்கள். இதற்குத்தான்.

இருபது நிமிடம் என்பது வெளியே நிற்கிறவர்களுக்கு யுகம்.

"ரத்தத்த எடுத்து வெச்சிட்டு சும்மா கடியாரத்தப் பாத்துனு இருக்கீங்களேம்மா. ஊசியப் போடச் சொல்லுங்கம்மா மொதல்ல."

"சும்மா இல்லப்பா. ஊசி போடணுமான்னு இதுதான் சொல்லும். கடிக்கிற பாம்பெல்லாம் விஷத்த எறக்குறதில்ல. விஷமே எறங்காதவருக்கு ஊசி போட்டா ஊசியாலயே ஆபத்து வரலாம்."

"அப்ப நல்லாத்தான் இருக்காரா?"

"நல்லாப் பேசுறாரு. ரத்தம் என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

நன்றாகப் பேசுவதுதான் இங்கே ஏமாற்று. நல்ல பாம்போ கட்டு விரியனோ கடித்தால் கண் இமை சொருகும், நாக்கு குழறும், மூச்சு வாங்கும்; பார்த்தவுடன் வீட்டார் பதறிவிடுவார்கள். கண்ணாடி விரியன் கடித்தவர் காலை நீட்டி உட்கார்ந்து, மாட்டை யார் பிடித்துக் கட்டினார்கள் என்று விசாரித்துக்கொண்டிருப்பார். உள்ளே அவர் ரத்தத்தில் உறைவதற்கான சரக்கு காலியாகிக்கொண்டிருக்கும். பல் ஈறில் சிவப்பாக ஒரு கோடு, எச்சில் துப்பினால் ரத்தம், கடிவாயில் நிற்காத கசிவு, ஊசி குத்திய இடத்தில் கட்டிய பஞ்சு நனைந்துகொண்டே இருப்பது. ஆரம்பத்தில் இவ்வளவுதான் தெரியும். பலருக்கு இதுவும் தெரியாது.

விஷம் ரத்தத்தை "நீராக்கிவிடுகிறது" என்று பொதுவாகச் சொல்கிறோம். நானும் வேலைக்கு வருவதற்கு முன் அப்படித்தான் நினைத்திருந்தேன். நடப்பது அதற்கு நேர் எதிர். கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை உறைய வைக்கிறது.

நம் உடம்பில் அடிபட்ட இடத்தில் ரத்தம் உறைவது ஒரு சங்கிலி வேலை. ஒரு காரணி அடுத்ததை எழுப்பும், அது அதற்கடுத்ததை. பத்தாம் காரணி விழித்து, ஐந்தாம் காரணியின் துணையோடு புரோத்ராம்பினைத் த்ராம்பினாக்கும். த்ராம்பின், ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜெனை நூல் நூலாகத் திரித்து ஃபைப்ரின் வலையாக்கும். அந்த வலைதான் உறைகட்டி. இந்தச் சங்கிலி காயம் பட்ட இடத்தில் மட்டும் ஓட வேண்டும் என்பதற்கு உடம்பில் எத்தனையோ காவல் உண்டு. கண்ணாடி விரியன் விஷத்தில் இருக்கும் ஒரு என்சைம் நேராகப் பத்தாம் காரணியை எழுப்பிவிடும். இன்னொன்று ஐந்தாம் காரணியை. காயம் எதுவும் இல்லாமலே, ரத்த ஓட்டம் முழுக்க, ஒரே நேரத்தில் உறைதல் தொடங்கிவிடும். ஊரில் ஒருவன் எல்லாத் தெருவிலும் "தீ, தீ" என்று பொய்யாகக் கத்திக்கொண்டு ஓடினால், வீட்டில் இருக்கிற குடமும் தவலையும் வெறுந்தரையில் கொட்டிக் காலியாகும் இல்லையா, அதுபோல. நிஜமாக ஒரு கூரை பற்றிக்கொள்ளும்போது கிணற்றில்தான் தண்ணீர் இறைக்க வேண்டும், கிணற்றிலும் சேறு.

ஒரு லிட்டர் ரத்த நீர்மத்தில் சாதாரணமாக 2 முதல் 4 கிராம் ஃபைப்ரினோஜென் இருக்கும். நல்ல அளவு விஷம் இறங்கியவருக்கு ஓரிரு மணி நேரத்திலேயே அது அளக்க முடியாத அளவுக்குப் போய்விடும். அங்கங்கே உண்டான நுண்ணிய ஃபைப்ரின் இழைகளை உடம்பே கரைத்தும் விடுகிறது. அதனால் ரத்தக்குழாய் அடைப்பு பெரும்பாலும் தெரிவதில்லை. மிஞ்சுவது உறைய முடியாத ரத்தம். மருத்துவ நூல்களில் இதற்கு வைத்திருக்கும் நீளமான பெயரின் சாரம், விஷத்தால் உறைதல் காரணிகள் செலவழிந்து தீர்ந்துபோவது. செலவுதான் நோய்.

பாம்புக்கு இது எதற்கு என்று யோசித்தால் விடை எளிது. அது நம்மைக் கடிக்கப் பிறந்ததல்ல. எலிக்குள் அதே அளவு விஷம் போனால், அந்தச் சின்ன உடம்பில் ரத்தம் நின்ற இடத்திலேயே கட்டியாகி எலி விழுந்துவிடும். ஆள் உடம்பில் விஷம் பரவி நீர்த்துப்போகிறது. கட்டியாக்கும் பலம் இருக்காது, காரணிகளைத் தீர்க்கும் பலம் இருக்கும்.

இந்தத் தலைகீழ் விஷயத்தை ஒரு ஆங்கிலேய மருத்துவர் காசாக்கிய கதை எனக்குப் பிடித்தது. ராபர்ட் மக்ஃபார்லேன் என்று பெயர். லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் ஊர்வனப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த பர்ஜஸ் பார்னெட்டோடு சேர்ந்து வெவ்வேறு பாம்பு விஷங்களை எடுத்துப் பார்த்தார். பிறவியிலேயே ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகளின் ரத்தத்தைக்கூடச் சட்டென உறைய வைத்தது நம்ம ஊர்க் கண்ணாடி விரியனின் விஷம்தான். 1934-ல் அதை வெளியிட்டார்கள். பத்தாயிரத்தில் ஒரு பங்காக நீர்த்த விஷத்தைப் பஞ்சில் நனைத்து, பல் பிடுங்கிய குழியில் வைத்தால் ரத்தம் நின்றது. ஸ்டிப்வென் என்ற பெயரில் அது மருந்துக்கடைக்கே வந்தது. முப்பது ஆண்டு கழித்து, 1964-ல், உறைதல் காரணிகள் ஒன்றையொன்று எழுப்பும் அந்தச் சங்கிலி விளக்கத்தை முன்வைத்தவர்களில் ஒருவரும் இதே மக்ஃபார்லேன்தான். கரும்புத் தோட்டத்தில் ஆளைச் சாய்க்கிற அதே விஷத்தை மிக மிக நீர்க்க வைத்து, லூபஸ் என்ற நோயோடு தொடர்புடைய ஒரு எதிர்ப்பொருளைக் கண்டுபிடிக்கப் பெரிய லேப்களில் இன்றைக்கும் தினசரி பயன்படுத்துகிறார்கள். அடிக்கடி கரு கலைகிற பெண்களுக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் சோதனைகளில் அதுவும் ஒன்று. ரிப்போர்ட்டைக் கையில் வாங்குகிறவருக்கு அதில் பாம்பு இருப்பது தெரியாது.

சுருட்டை விரியனும் சும்மா இல்லை. அதன் விஷத்தில் இருக்கும் ஒரு என்சைம் பத்தாம் காரணியையெல்லாம் தாண்டி நேராகப் புரோத்ராம்பினில் கை வைக்கும். அதையும் லேபில் பயன்படுத்துகிறார்கள். அதே விஷத்தின் இன்னொரு புரதத்தை மாதிரியாக வைத்துத்தான், மாரடைப்பு வந்தவர்களுக்குத் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) ஒட்டாமல் இருக்கக் கொடுக்கும் டைரோஃபைபன் மருந்தை உருவாக்கினார்கள்.

பினாங்கில் நடந்த இன்னொரு சங்கதி. 1950-களிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் அங்கே பொது மருத்துவமனையில் அலிஸ்டேர் ரீட் என்ற மருத்துவர் இருந்தார். வட மலாயாவின் ரப்பர் தோட்டங்களில், நம் ஆட்கள் பால் வெட்டிக்கொண்டிருந்த அதே தோட்டங்களில், மலாயாக் குழிவிரியன் கடி சகஜம். கடிபட்டவர்களின் ரத்தம் நாள்கணக்கில் உறையாமல் கிடந்தும் பலர் பெரிதாக ரத்தம் போகாமல் நடமாடிக்கொண்டிருந்ததை ரீட் கவனித்தார். அந்தப் பாம்பின் விஷம் வேறு வழியில் போகிறது. ஃபைப்ரினோஜெனை அரைகுறையாக வெட்டி, சீக்கிரம் கரைந்துவிடும் பலவீனமான இழையாக்குகிறது. இந்தக் கவனிப்பிலிருந்துதான் ரத்தக்கட்டுக்கு எதிரான ஆன்க்ராட் என்ற மருந்து வந்தது. ரத்தம் உறையாமை மட்டும் உடனே ஆளைக் கொல்வதில்லை என்பதை ரீட் அன்றே சொல்லிவிட்டார்.

ஆனால் மலாயாக் குழிவிரியனைப் பார்த்துக் கண்ணாடி விரியனைக் கணக்குப் போடக்கூடாது. இதன் விஷத்தில் ரத்தக்குழாய்ச் சுவரையே அரிக்கிற சரக்கும் சேர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் குழாயில் ஓட்டை, இன்னொரு பக்கம் அடைக்க ஆளில்லை. மூளைக்குள் கசிந்தால் முடிந்தது. சிலருக்குக் குழாய்களிலிருந்து நீர்மம் வெளியேறி, கன்னம் இரண்டும் உப்பி, கண்ணின் வெள்ளை ஜவ்வாக வீங்கும், பிரஷர் இறங்கும். அப்படி முகம் மாறி வருகிறவரைப் பார்த்தால் எங்கள் சிஸ்டர்கள் யாரையும் கேட்காமல் 108-க்கு போன் போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தயாராகிவிடுவார்கள். அதைவிட அதிகமாகப் பார்ப்பது சிறுநீரகம். மூத்திரம் டீ டிகாஷன் நிறத்தில் வரும், பிறகு குறையும், பிறகு நிற்கும். டயாலிசிஸ். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கும் கண்ணாடி விரியன் போதாக்குறைக்கு இமையையும் சொருக வைக்கும். ரத்தக் கசிவும் சொருகிய கண்ணும் சேர்ந்து வந்தால் இரண்டு பாம்பு கடித்ததோ என்று குழம்ப வேண்டியதில்லை.

ரத்தத்தில் உறைவதற்கான சரக்கு தீர்ந்துபோகிறது என்று புரிந்துவிட்டால், செய்யக்கூடாதவை எவை என்று யாரும் பட்டியல் போட்டுக் கொடுக்கத் தேவையில்லை. பிளேடால் கீறுவது முதல் விபரீதம். உறையாத ரத்தத்துக்கு ஒரு வாசலைத் திறந்துவிடுகிறோம், அவ்வளவுதான். கடித்த இடத்தில் இரண்டு புள்ளி மட்டும் இருந்து, பக்கத்தில் நாலு கீறலிலிருந்து விடாமல் ஒழுகிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கயிற்றால் இறுகக் கட்டுவதும் அப்படியே. விரியன் விஷம் கடித்த இடத்துச் சதையை அழுகச் செய்வது. கட்டுப் போட்டு அங்கேயே தேக்கினால் கால் போகும். கட்டை யாராவது பதறி அவிழ்த்தாலோ, தேங்கியதெல்லாம் ஒரேயடியாக மேலே ஏறும். வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும் மருந்து, அதுவும் சதையில் குத்தி. குத்தின இடம் இட்லி மாதிரி வீங்கி, உள்ளேயே ரத்தம் கட்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். டெட்டனஸுக்கான டிடி ஊசியைக்கூட ரத்தம் உறைய ஆரம்பித்த பிறகுதான் போட வேண்டும்.

வேப்பிலையைக் கொடுத்துக் கசக்கிறதா, மிளகாயைக் கொடுத்துக் காரம் தெரிகிறதா என்று பார்ப்பது எங்கள் பக்கம் இன்னும் நிற்கவில்லை. கசந்தால் விஷமில்லையாம். நாக்கில் ருசி தெரிவதற்கும் ஃபைப்ரினோஜெனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மந்திரித்துப் பார்வை பார்க்கிறவரைத் திட்டிப் பயனில்லை. கடித்தது சாரையாகவோ தண்ணீர்ப் பாம்பாகவோ இருந்து பிழைத்தவர்களெல்லாம் அவருக்குச் சாட்சி. ராத்திரியில் பாம்பு என்று சொல்லக்கூடாதென்று "பூச்சி கடிச்சிடுச்சு" என்பார்கள். அது வீட்டுக்குள் இருக்கட்டும். 108-க்குப் பேசும்போது பாம்பு என்றே சொல்லிவிடுங்கள்.

மருந்து ஒன்றுதான்: விஷமுறிவு ஊசி, ஆஸ்பத்திரி பாஷையில் ஏஎஸ்வி. அதற்கான விஷத்தில் பெரும்பங்கு எங்கள் ஊரிலிருந்து கிளம்பினால் பஸ்ஸில் போய்ச் சேரக்கூடிய தூரத்திலிருந்துதான் நாடு முழுக்கப் போகிறது. மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1972-ன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் வியாபாரம் நின்று, பிழைப்புப் போன இருளர்களோடு பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் சேர்ந்து 1978-ல் தொடங்கியது. பிடித்த பாம்பை மண்பானையில் வைத்து, மேலே துணி கட்டி, மூன்று நான்கு வாரத்தில் சில முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நாலே வகை. அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புரதத்தைப் பிரித்தெடுத்தால் ஏஎஸ்வி. சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தபோது எங்கள் லேபில் நான் எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தேன். யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்துக்கொண்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஒரு குப்பி 10 மில்லி. ஒவ்வொரு மில்லியும் 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்க வேண்டும் என்பது தரக்கணக்கு. ஒரு கடியில் அது சராசரியாக இறக்குவது 63 மில்லிகிராம் என்று இந்திய வழிகாட்டி நெறி சொல்கிறது. வகுத்துப் பாருங்கள், முதல் தவணை ஏன் பத்துக் குப்பி வரை போகிறது என்பது விளங்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கும் அதே பத்துதான். "சின்னப் புள்ளைக்கு இவ்ளோவா?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். பாம்பு ஆளைப் பார்த்து அளவு குறைப்பதில்லை. குதிரைப் புரதம் ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்து, மூச்சு இறுகுவது உண்டு. இலங்கையில் ஆயிரம் பேருக்கு மேல் சேர்த்து நடந்த, 2011-ல் வெளியான ஓர் ஆய்வு, முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் போட்டால் கடுமையான ஒவ்வாமை வெகுவாகக் குறைகிறது என்று காட்டியது.

ஏஎஸ்வி ஏறி முடிந்த ஒரு மணி நேரத்தில் அடுத்த சண்டை ஆரம்பிக்கும். "பத்துக் குப்பி போட்டும் ரத்தம் நிக்கல, மருந்து சரியில்ல." இந்த இடத்தில் என்னால் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க முடியாது. ஏஎஸ்வி விஷத்தை முறிக்கும். தீர்ந்துபோன காரணிகளைத் திருப்பிக் கொடுக்காது. அதைக் கல்லீரல்தான் புதிதாகத் தயாரிக்க வேண்டும், அதற்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் அடுத்த டியூப் ஆறு மணி நேரம் கழித்து. அப்போதும் உறையாவிட்டால் விஷம் இன்னும் உள்ளே வேலை செய்கிறது என்று பொருள், அடுத்த தவணை. இப்படி 30 குப்பி வரை போகலாம். நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் சோதித்து, உறையவில்லை உறையவில்லை என்று குப்பியை ஊற்றிக்கொண்டே போனால் வீண் செலவு, வீண் ஒவ்வாமை. பிளாஸ்மா ஏற்றலாமே என்று படித்த உறவினர்கள் கேட்பார்கள். விஷம் முறிவதற்கு முன்னால் ஏற்றுகிற பிளாஸ்மா, விஷத்துக்கு நாமே புதுச் சரக்கு அனுப்புவது.

உறைந்துவிட்டது என்று ஒருமுறை எழுதிய பிறகும் விடமாட்டோம். கடித்த இடத்துச் சதையில் தங்கிய விஷம் மெல்ல மெல்லக் கசிந்து, ஒரு நாள், இரண்டு நாள் கழித்து ரத்தம் மறுபடியும் உறையாமல் போவதுண்டு. வந்தவுடன் எடுத்த முதல் டியூப் நன்றாக உறைந்தாலும் அதை நம்பி வீட்டுக்கு அனுப்பக்கூடாது. விஷம் ஏற நேரம் எடுத்திருக்கலாம். முதல் மூன்று மணி நேரம் அரை மணிக்கு ஒரு டியூப் எடுப்பது அதற்காகத்தான்.

இந்தச் சோதனை மேல் எனக்கு இருக்கிற மரியாதையை வைத்து இதைக் குறையற்றதென்று சொல்லிவிடக் கூடாது. இலங்கையில் கண்ணாடி விரியன் கடித்தவர்களிடம் செய்த ஓர் ஆய்வில், வழக்கமான வார்டு வேலையாகச் செய்யப்பட்ட இந்த 20 நிமிடச் சோதனை, ரத்தம் உறையாதவர்களில் 40 சதவீதம் பேரை மட்டுமே பிடித்தது. பாதிக்கு மேல் தவறவிட்டது. பிறகு அதே நாட்டில், டியூபின் அகலத்தையும் ரத்தத்தின் அளவையும் நிர்ணயித்து, பழகிய கையால் செய்தபோது 82 சதவீதம் வந்தது. அதாவது சோதனையின் தரம் அதைச் செய்கிறவரைப் பொறுத்தது. பகலில் நான் இருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு, மூன்று ஆக்சிடென்ட் கேசுக்கு நடுவில், ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ் 20 நிமிடத்தை எப்படி நினைவில் வைப்பார்? டியூபில் பிளாஸ்திரி ஒட்டி எடுத்த நேரத்தையும் பார்க்க வேண்டிய நேரத்தையும் எழுதி, செல்போனில் அலாரம் வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். வசதி இருக்கிற இடத்தில் ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் பிடி, ஐஎன்ஆர் சோதனைகளைப் பார்த்துவிடுவது உத்தமம்.

மருந்துக்கும் குறை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலும் கேரளத்திலும் இலங்கையிலும் தூக்கிய மூக்கோடு ஒரு குட்டிக் குழிவிரியன் இருக்கிறது. ரப்பர், காப்பித் தோட்டங்களில் சருகோடு சருகாகக் கிடக்கும். பார்க்கச் சுருட்டை விரியன் போலத் தோன்றும். அதுவும் ரத்தத்தை உறைய விடாது, சிறுநீரகத்தையும் கெடுக்கும். நம் ஏஎஸ்வி அந்த விஷத்துக்கு வேலை செய்யாது, அதன் விஷம் குதிரைக்குப் போனதே இல்லை. மலைப் பக்கத்துக் கடியில் மட்டும் பாம்பின் போட்டோ நிஜமாகவே உதவும். அதோடு, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துப் பாம்பின் விஷத்தை வைத்துச் செய்த மருந்து ராஜஸ்தானத்துப் பாம்புக்கும் வங்காளத்துப் பாம்புக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்து ஆய்வாளர்கள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டிவருகிறார்கள். அந்த வகையில் எங்கள் ஊர் நோயாளி கொடுத்துவைத்தவர். அவரைக் கடித்த பாம்பின் பங்காளிதான் அவருக்கான மருந்துக்கும் விஷம் கொடுத்தது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது 2020-ல் வந்த ஒரு பெரிய ஆய்வின் கணிப்பு. வருஷத்துக்குச் சராசரி 58,000. இறப்புகளில் முதலிடம் கண்ணாடி விரியனுக்கு. இவ்வளவு பேர் ஆஸ்பத்திரிக் கணக்கில் வருவதே இல்லை. பெரும்பாலோர் வீட்டிலோ வழியிலோ போய்விடுகிறார்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எங்களுக்கு எழுத ஒரு படிவம் கூடியது. முணுமுணுத்துக்கொண்டே நிரப்புகிறோம். ஆனால் எந்த ஊரில் எத்தனை கடி என்று தெரிந்தால்தானே எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி வைப்பதென்று முடிவெடுக்க முடியும்?

கடைசியாக, டிஸ்சார்ஜ் ஆனவர்களுக்கு. மூன்றாம் நாள் ரத்தம் உறைகிறது, வீக்கம் வடிகிறது, நடவு கிடக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் அதிகம். போங்கள், ஆனால் ஒரு வாரத்துக்குள், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் சோதனையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூத்திரம் குறைந்தால் அன்றைக்கே வாருங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் மூட்டு வலியும் அரிப்பும் வந்தால் அது குதிரைப் புரதத்துக்கு உடம்பு காட்டும் தாமதமான கோபம், மருந்து இருக்கிறது. இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. கடுமையான கண்ணாடி விரியன் கடியில் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ரத்தக்கசிவாலோ ரத்த ஓட்டம் குறைந்தோ பழுதாகலாம். அது மாதங்கள் கழித்து, சில சமயம் வருஷங்கள் கழித்து வெளியே தெரியும். தீராத அசதி, குளிர் தாங்காமை, பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது, ஆண்களுக்குத் தாடி மீசை குறைவது என்று வரும். தைராய்டு, ரத்தசோகை என்று சுற்றிக்கொண்டே இருப்பார்கள், பாம்பு யாருக்கும் ஞாபகம் வராது. எந்த டாக்டரிடம் போனாலும், என்றைக்கோ விரியன் கடித்து ஊசி போட்டதைச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைத் தொலைக்காமல் ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.